பழைய வேனுக்கு ஹெட்லைட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என்னுடைய 2008 ஆம்னியில் டிம் போட்டால் ரோடு தெரிவதே இல்லை. இரண்டு முறை பல்பு மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. (பெருந்துறை)

பல்பை விடுங்கள், முதலில் வோல்டேஜ் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14-ஐ ஒட்டிக் காட்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கத்திலும் வையுங்கள். பழைய வண்டிகளில் 12 வரும், சிலதில் அதற்கும் கீழே. ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். இரண்டு வோல்ட் குறைந்தால் கிட்டத்தட்டப் பாதி காலி. மொத்தக் கரண்டும் தேய்ந்த சுவிட்ச் வழியாகவும் நூல் மாதிரியான ஒயர் வழியாகவும் போவதுதான் காரணம்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சுவிட்ச் தட்டியதும் பேட்டரி கரண்டை நேராகப் பல்புக்கு விடும் சின்னப் பெட்டி) போடுங்கள். பேட்டரியிலிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எர்த் ஒயர் வண்டியின் பாடியில் சேரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள். பாதி வண்டிகளில் எர்த் சரியானாலே லைட் எழுந்துவிடும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து ஒயர் இழுக்கவே கூடாது.

100/90 பல்பு போடலாமா? (பல்லடம்)

கூடாது. 60/55-க்கு, அதாவது பிரைட் 60 வாட், டிம் 55 வாட்டுக்குச் செய்த ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். அட்டைப் பெட்டியிலேயே ரோட்டுக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள்.

வேனில் லைட் மங்கல். என்ன செய்யலாம்? (ஊர் போடவில்லை)

என்ன வண்டி, எந்த வருஷம், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? முதல் பதிலைப் படித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். அளவோடு எழுதுங்கள், சொல்கிறேன்.

கம்பெனி ஆட்களை நைட் ஷிப்ட்டுக்கு ஏற்றும் வேன். பழைய டூமிலேயே (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) எல்இடி பல்பு போட்டேன். வெளிச்சம் பிரமாதம், ஆனால் எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள். எஃப்சியில் (வண்டியின் தகுதிச் சோதனை) பிரச்சனை வருமா? (திருப்பூர்)

திட்டுகிறவர்கள் சொல்வதுதான் சரி. பழைய எச்4 பல்பை (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒரே பல்பில் இருப்பது) கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே கிளம்பாமல் தடுப்பது அதுதான். டூமின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டது. எல்இடி சிப் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கணக்கு கலைந்து, வெளிச்சம் எதிராளியின் கண்ணுக்குப் போய்விடும். உங்களுக்குப் பிரமாதமாகத் தெரிவது பம்பருக்கு முன்னால் உள்ள முப்பது அடி. அந்த வெள்ளைப் பளபளப்பில் கண் கூசிப் போய், தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

விடியற்காலை நாலரை மணிக்கு, இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் எதிரே வருகிறார். உங்கள் லைட்டில் அவருக்கு ரோட்டின் ஓரமும் தெரியாது, குழியும் தெரியாது. அவர் விழுந்தால் நீங்கள் நிற்காமலே போய்விடுவீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இதை வருஷக்கணக்காக எழுதி வருகிறேன். கடைக்காரர்கள் இன்னும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி: 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்காதபடி வெளிச்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றங்களுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. எஃப்சிக்குப் போகிற அன்று மட்டும் பழைய பல்பை மாட்டி, பிரேக் இன்ஸ்பெக்டரைத் தாண்டி வந்து மறுபடி எல்இடி போடும் பழக்கம் வேண்டாம். ஆட்களை ஏற்றும் வண்டி உங்களுடையது.

எல்இடிதான் வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கே செய்த, கண்ணாடியில் அங்கீகார முத்திரை உள்ள முழு டூமாக வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடுங்கள். அதுவரைக்கும் நல்ல 60/55 பல்பு, ரிலே, அப்புறம் ஃபியூஸ்.

வால்பாறைக்கு அடிக்கடி லோடு போகிறேன். மஞ்சள் பல்பு பனியைக் கிழிக்குமா? (பொள்ளாச்சி)

கிழிக்காது. பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம்மில் மெதுவாக ஏறுங்கள். ஃபாக் லைட் வேண்டுமென்றால் பம்பர் மட்டத்துக்கு மேலே ஏற்ற வேண்டாம். அதற்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

வெளிநாட்டு வண்டியின் புரொஜெக்டர் டூம் மலிவாகக் கிடைக்கிறது. (கோபி)

வலப்பக்கம் ஓட்டும் நாட்டு டூமாக இருந்தால் டிம் வெளிச்சம் வலப்பக்கம்தான் மேலேறும். நம் ஊரில் அது எதிரே வருகிறவரின் முகம். வாங்காதீர்கள்.

எல்லாம் சரி செய்தும் லோடு ஏற்றினால் எதிர் வண்டிகள் டிம் அடிக்கச் சொல்லி சிக்னல் போடுகின்றன. (தாராபுரம்)

பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் லோடோடு, டயர் காற்று சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பல்பின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதற்கு இரண்டு அங்குலம் கீழே வரும்வரை டூம் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். இடது பக்கம் கொஞ்சம் மேலேறித் தெரியும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். பிளாஸ்டிக் நட்டு, முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.