எல்லாம் கொடுத்தாச்சு, சரி. குழாயில் தண்ணீர் வருகிறதா?

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவன் நான். பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரப்போகிறோம். அரசாங்கமும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள், நாப்கின், மாதம் ஆயிரம் ரூபாய் என்று எல்லாம் கொடுத்துவிட்டது. லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் ஒழுங்காகப் பாடம் நடத்தினாலே போதும், வேறென்ன குறை? அவர்களே தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில்தானே சேர்க்கிறார்கள்?
- ஒரு முன்னாள் மாணவர்

பதில்: ஸ்மார்ட் போர்டைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த ‘எல்லாம் கொடுத்துவிட்டது’.

சைக்கிள் கொடுப்பதைக் குறைசொல்ல மாட்டேன். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், உயர்நிலை வகுப்புகளில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். படிப்பில் ஆசையில்லாமல் அந்தப் பெண்கள் நிற்கவில்லை, பள்ளிக்கூடம் எட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரைதான். ஒரு பெண் எட்டாம் வகுப்பை முடிக்கிற இடத்தில் அது விலகிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் சைக்கிள் வருவது பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு. நீங்கள் சொல்லும் மாதம் ஆயிரம், 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போனவளுக்கு. நடுவில் ஒன்பதும் பத்தும் இருக்கிறதே? ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி இன்னொரு ஊரில். இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால், அதை முடித்து வெளியே வரும்போது பஸ் போயிருக்கும். அடுத்த பஸ் இருட்டிய பிறகு. நாலு நாள் இப்படி ஆனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்குவதும் அந்த இரண்டு வருடத்தில்தான். 2006-ம் வருடத்துச் சட்டம் பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது போன் செய்தால் தடுக்கலாம். பெரும்பாலும் முதலில் மோப்பம் பிடிப்பது, இரண்டு வாரமாக ஒரு பெயருக்கு ‘ஆப்சென்ட்’ போடுகிற வகுப்பு டீச்சர். போன் செய்துவிட்டு அதே ஊருக்குள் மறுநாள் தனியாக நடந்து வர வேண்டியவரும் அவர்தான்.

அடுத்தது நாப்கின். கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். மாற்றுவதற்கு எங்கே போவாள்? பள்ளிகளில் கழிவறை கட்டும் இயக்கம் 2014-ல் மும்முரமாக நடந்தது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியதாகச் சொன்ன கழிவறைகளில் 2,695-ஐ சிஏஜி என்ற மத்தியத் தணிக்கைத் துறையின் ஆட்கள் 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2020-ல் வந்தது அறிக்கை. கட்டப்பட்டிருந்தவற்றில் 72 சதவீதத்துக்கு உள்ளே தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை. ஆனால் இத்தனை பள்ளிகளில் கழிவறை ‘உண்டு’ என்று பதிவேட்டில் ஏறியாகிவிட்டது. ஒரு முறை ஏறினால் ஏறியதுதான்.

கட்டுவது ஒரு முறைச் செலவு, திறப்பு விழாவும் உண்டு. மோட்டார் எரிந்துபோனால் மாற்றுவது, தாழ்ப்பாள் பிய்ந்தால் போடுவது, தினமும் கழுவுவது, இதற்கெல்லாம் யார் பொறுப்பு? கிராமத்துப் பள்ளியில் துப்புரவுக்கு ஊராட்சி வழியாகச் சொற்பத் தொகையில் ஒரு அம்மாவை வைத்திருப்பார்கள். அந்தக் காசும் மாதக்கணக்கில் வராமல் போனால் அவர் வேறு கூலி வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறைசொல்ல முடியுமா? பிறகு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பூட்டும்தான். சாவி ஆபீஸ் ரூமில். எட்டாம் வகுப்புப் பெண் ஆண் ஆசிரியரிடம் போய்ச் சாவி கேட்பாள் என்று நினைக்கிறீர்களா?

அவள் வேறு வழி கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. காலையில் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை, பள்ளியிலும் குடிப்பதில்லை. கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்பும். நாலு மணிக்குத் தலைவலி, ஓயாத சிறுநீர்த் தொற்று, மாதத்தில் மூன்று நாள் லீவ். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்த இப்போது தனியாக ‘வாட்டர் பெல்’ அடிக்கிறார்கள். நல்ல யோசனைதான். குடித்துவிட்டு எங்கே போவது என்பதற்கும் ஒரு பெல் அடித்தால் தேவலை.

இது டீச்சருக்கும்தான். நாட்டில் இன்று ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதே கழிவறை, அதே சாவி. கர்ப்பமாக இருக்கும் டீச்சர் எதிர்வீட்டில் போய்க் கேட்கும் நிலை பல ஊர்களில் உண்டு. அவரைப் பார்த்துத்தான் ‘ஒழுங்காகப் பாடம் நடத்தினாலே போதும்’ என்கிறீர்கள்.

சரி, பாடம். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை ஒரு தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. இதில் யாரும் குறைவில்லை, காலிப் பணியிடம் என்ற கணக்கிலும் வராது. ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, இன்னொருவர் நாலும் ஐந்தும். இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பினால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் முறைப்படி அதே அறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாக வேறு உட்காரவைக்க வேண்டும். ஒரு பக்கம் உயிர்மெய், இன்னொரு பக்கம் பின்னம். அப்புறம் எமிஸ் செயலி. வருகைப்பதிவு அதில், உயரம் எடை அதில், விலையில்லாப் பொருள் கொடுத்த கணக்கு அதில். சிக்னல் கிடைக்காவிட்டால் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் போகிறவர் சொல்வது: ‘பாருங்கள், போனை நோண்டிக்கொண்டு நிற்கிறார்கள்.’

தேர்தல் வேலை தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் ஆசிரியரை இழுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. வாக்காளர் பட்டியல் வேலையையும் விடுமுறை நாளில், பாடம் இல்லாத நாளில்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பள்ளி நாளில் அந்தப் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கும் வாத்தியாரை நீங்கள் பார்த்ததே இல்லையா?

லட்ச ரூபாய்க்கு வருகிறேன். பணிமூப்பு உள்ள நிரந்தர ஆசிரியருக்கு நல்ல சம்பளம், மறுக்கவில்லை. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியரைக் கேளுங்கள். அதற்கு முந்தின நாள் வரை சேர்ந்தவருக்கு அன்று வைத்த அடிப்படை ஊதியம் 8,370, இவருக்கு 5,200. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று வருஷா வருஷம் சென்னையில் உட்காருகிறவர்கள் இவர்கள்தான். ஓவியம், தையல், உடற்கல்விக்கு 2012-ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாயில் ஆரம்பித்தார்கள், இன்னும் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022-ல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்கள் எடுக்க அறிவித்த தொகை இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000. பிறகுதான் கூட்டினார்கள். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவருக்கு இது.

ஆசிரியர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. மணி அடித்து அரை மணி கழித்து வருகிறவர், ‘உனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு’ என்று பெண் பிள்ளையிடம் கேட்கிறவர், எல்லாம் உண்டு. எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். பிள்ளைகளிடம் அத்துமீறிய ஆளை ஓசைப்படாமல் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்களே, அது. போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்கிறார்கள். கெடட்டும்.

அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏன் ஆசிரியரோடு நிறுத்துகிறீர்கள்? 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்கும் எல்லோரும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதிகாரி, நீதிபதி, மக்கள் பிரதிநிதி எல்லோரும் அதில் அடக்கம். தீர்ப்பு இன்றுவரை காகிதத்தில்தான். உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி ஸ்மார்ட் போர்டு. வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரிடம் வேண்டாம், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிறவர்கள் நிறைய, நீங்கள் போனால் பேசுவார்கள். கழிவறை மோட்டார் ஓடுகிறதா, துப்புரவு அம்மாவுக்குக் கடைசியாக எப்போது காசு வந்தது, மாலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பாக்கி இருந்தால் கிராம சபையில் எழுந்து ஊராட்சியைக் கேளுங்கள், அதற்கு நன்கொடை தேவையில்லை. அப்படியும் செலவழிக்கப் பணம் மிஞ்சினால் அரசுப் பள்ளிக்கு நன்கொடை கொடுப்பதற்கான ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாய், உள்பக்கத் தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை, ஐந்து வருடப் பராமரிப்புச் செலவு என்று கொடுங்கள். சங்கத்தின் பெயரைத் தொட்டியிலேயே பெரிசாக எழுதிக்கொள்ளலாம்.