எடை குறைத்த பிறகு பசி ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 36. சாப்பாட்டைக் குறைத்து ஏழு மாதத்தில் 14 கிலோ எடை குறைத்தேன். அடுத்த ஒரு வருடத்தில் 11 கிலோ திரும்ப ஏறிவிட்டது. முன்பைவிட இப்போது அதிகமாகப் பசிக்கிறது. ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்கிறார்கள் வீட்டில். லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தால்தான் இப்படிப் பசிக்கும் என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. அதில் வரும் லெப்டின் மாத்திரையை வாங்கலாமா டாக்டர்?

பதில்: வாங்காதீர்கள். லெப்டின் ஒரு புரதம். விழுங்கினால் மற்ற புரதங்களைப் போலவே குடலில் செரித்துவிடும், ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அந்தப் பெயரில் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் லெப்டினே இருப்பதில்லை.

ஆனால் உங்கள் பசி உண்மையானது. வீட்டிலிருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் அளவுக்கு மீறிப் பருக்கும் ஒரு வகைச் சுண்டெலியைக் கண்டார்கள். பின்னாளில் அங்கே டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, அத்தகைய எலியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். பருத்த எலி சாப்பிடுவது குறைந்தது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது, அது பருத்த எலிக்குச் சுரக்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். அது எது என்று தெரிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோன்தான் லெப்டின். அதைச் சுரப்பது நம் கொழுப்புத் திசு. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளையின் ஹைப்போதாலமஸுக்கு அது ஓயாமல் தகவல் அனுப்புகிறது.

பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் சிலர் உண்டு. அடங்காத பசியால் தவித்த அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி தணிந்தது, எடையும் இறங்கியது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் சிகிச்சை அது. ஆனால் அந்தக் குறைபாடு மிக மிக அரிது, கைக்குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டுவிடும். உடல்பருமன் உள்ள மற்றவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகமாகத்தான் இருக்கும். மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. விளம்பரக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்பு கரையும்போது லெப்டின் இறங்குகிறது. பட்டினி வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 10 வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். அப்போதும் அவர்களுடைய ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. இந்த இழுப்புக்கு எதிராகத்தான் நீங்கள் ஒரு வருடம் நின்றிருக்கிறீர்கள். அதை மன உறுதி இல்லாமை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

மறுபடி பட்டினியில் இறங்க வேண்டாம். வேளைக்கு வேளை புரதமும் நார்ச்சத்தும் போதிய அளவு சாப்பிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள். தசை கரையாமல் இருப்பது முக்கியம். தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதால், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குறட்டை உண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவையும் எடையைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாமல், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

செமாக்ளூடைடு போன்ற ஊசிகள், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை உண்மையிலேயே குறைக்கின்றன. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. எனவே நீண்டகாலச் சிகிச்சையாக நினைத்தே தொடங்க வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலோ, கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி உங்களுக்குப் பொருந்துமா என்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும்.