ஒளித்துவைப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு

கேள்வி: என் மாமனார் காலமான பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி, முறையான உரிமத்தோடு என் கணவரின் பெயருக்கு மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவரிடம் ஏற்கெனவே ஒரு பிஸ்டலும் உண்டு. எங்கள் மகளுக்கு 5 வயது, மகனுக்கு 14. பெரிய துப்பாக்கி துணி அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பிஸ்டல் இரவில் மெத்தைக்கு அடியில் இருக்கும். தோட்டாக்கள் மேசை இழுப்பறையில். "பிள்ளைகளுக்கு இடம் தெரியாது, தெரிந்தாலும் தொடமாட்டார்கள், சொல்லி வளர்த்திருக்கிறேன்" என்கிறார் அவர். எனக்கோ இரவில் தூக்கம் வருவதில்லை. பெரிய இரும்புப் பெட்டகம் வாங்க வசதியில்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பெரிய பெட்டகம் இல்லாமலே இதைச் சரிசெய்ய முடியும், முதல் பாதியை இன்று இரவே, ஒரு காசும் செலவழிக்காமல் செய்துவிடலாம். ஆனால் உங்கள் கணவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அப்படியே விட்டுவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பூட்டு வாங்கிய பிறகும் அதைத் திறந்து போட வைப்பவை அந்த வாக்கியங்கள்தான்.

முதலாவது, "இடம் தெரியாது" என்பது. துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. தம் பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோர்களில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், இடம் தெரியும் என்றார்கள். தம் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்னவர்களில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள், தொட்டதுண்டு என்றார்கள். இரண்டாவது, "தொடமாட்டார்கள்" என்பது. 2001-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 8 முதல் 12 வயதுவரையுள்ள 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, இழுப்பறை ஒன்றில் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி வைக்கப்பட்ட அறையில் 15 நிமிடம் விட்டுவிட்டு ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனித்தார்கள். 48 பேர் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தே பார்த்துவிட்டார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிய அறிவுரையை ஏதோ ஒரு விதத்தில் முன்பே பெற்றவர்கள் என்பதுதான் இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி. உங்கள் கணவர் நன்றாகத்தான் வளர்த்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் அப்படியே நினைத்திருப்பார்கள்.

உங்கள் மகளின் விரலுக்கு அவ்வளவு வலு இருக்காது என்ற எண்ணமும் வேண்டாம். 1995-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின் கணிப்புப்படி 3, 4 வயதுக் குழந்தைகளில் கால்வாசிப் பேருக்கும், 5, 6 வயதுக் குழந்தைகளில் 70 சதவீதத்தினருக்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை இரு கை விரல்களாலும் இழுக்கும் பலம் உண்டு. மெத்தை என்பது ஐந்து வயதுக் குழந்தை ஏறிக் குதித்து விளையாடும் இடம் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

செய்யவேண்டியவை நான்குதான்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது, துப்பாக்கி பூட்டப்பட்டிருக்கவேண்டும், தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்கவேண்டும், அந்த இடமும் பூட்டப்பட்டிருக்கவேண்டும். இந்த நான்கையும் தனித்தனியே ஆராய்ந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், ஒவ்வொன்றுமே பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் துப்பாக்கியால் தற்செயலாகவோ தம்மைத் தாமே சுட்டுக்கொண்டோ காயப்படும் ஆபத்து குறைவாக இருந்ததோடு தொடர்புள்ளதாகத் தெரியவந்தது. ஆகவே நான்கையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டாலும், முடிந்த ஒன்றைச் செய்வதற்கும் பொருள் உண்டு.

இன்றிரவு உங்கள் கணவர் செய்யவேண்டியது இரண்டையும் காலி செய்வது. பிஸ்டலில் விபத்துகளுக்குக் காரணமாகும் தவறு ஒன்று உண்டு: மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டை) உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்துவிடுவது. ஏற்கெனவே குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறைக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும், பல பிஸ்டல்களில் மேகசின் இல்லாமலே அது வெடிக்கும். குழலை ஆளில்லாத, குண்டு துளைத்துப்போகாத திசையில் வைத்துக்கொண்டு, விரலை விசைக்கு வெளியே நீட்டிவைத்து, முதலில் மேகசினை எடுத்து, பிறகே மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து அறையைக் காலி செய்யவேண்டும். வரிசை மாறினால் ஒரு தோட்டா வெளியே விழும்போதே மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். பின்பு கண்ணால் பார்த்து, விரல்நுனியால் தடவியும் பார்க்கவேண்டும். இரட்டைக்குழலில் இது எளிது, மடித்துத் திறந்தால் இரு அறைகளும் கண்ணெதிரே தெரியும். சேஃப்டி (விசையை நிறுத்திவைக்கும் பொத்தான்) போட்டிருக்கிறது என்பது இவற்றில் எதற்கும் மாற்றாகாது.

இனி பூட்டுகள். எல்லாவற்றிலும் மலிவானது கேபிள் பூட்டு: பிளாஸ்டிக் உறையிட்ட எஃகு வடமும் முனையில் ஒரு சிறு பூட்டும். அமெரிக்காவில் பல காவல் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இதை இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்றால் அதன் விலையை ஊகித்துக்கொள்ளலாம். வடத்தைத் துப்பாக்கியின் உடம்புக்குள் நுழைத்துப் பூட்டுவதால் அதை மூடவும் முடியாது, தோட்டா ஏற்றவும் முடியாது. பிஸ்டலில் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா வெளியேறும் துளைவழியே விட்டு மேகசின் துளைவழியே எடுக்கவேண்டும். இரட்டைக்குழலைத் திறந்த நிலையில் வைத்துக் குழலின் வழியே விட்டுப் பூட்டவேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் மட்டும் வடத்தை விட்டுப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது பூட்டே அல்ல. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் ஒன்றின் சாவி மற்றதைத் திறக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். மலிவான பூட்டுகளில் அப்படி அமைவதுண்டு. நல்ல வெட்டுக்கருவி வைத்திருக்கும் திருடனை இது தடுக்காது. ஆனால் நீங்கள் கேட்டது திருடனைப் பற்றி அல்லவே.

விசையின் இருபுறமும் கவ்வும் டிரிகர் பூட்டு என்று இன்னொன்று கடைகளில் கிடைக்கும். தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம். வாய்ப்பிருந்தால் நான் கேபிளையே தேர்ந்தெடுப்பேன்.

உங்கள் மாமனாரின் துப்பாக்கியில் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கருவி எதுவும் இல்லாமல் மூன்று துண்டாகப் பிரியும்: முன்பிடி, குழல்கள், விசையோடு கூடிய கட்டை. குழல்களை ஓரிடத்தில் பூட்டிவிட்டால் மிச்சமிருப்பது மரமும் இரும்பும்தான். பிரித்தபின் நீளமும் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், முழுத் துப்பாக்கிக்கு உயரமான அலமாரி தேட வேண்டியதில்லை, நீளமான பெட்டி ஒன்று போதும். ஆனால் முன்பிடியை மட்டும் கழற்றி ஒளித்துவைத்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பூட்டுக்குள் போகவேண்டியது குழல்.

பெட்டி என்றால் என்ன பெட்டி? பிஸ்டலுக்கு, தடித்த புத்தகம் அளவே உள்ள எஃகுப் பூட்டுப்பெட்டி போதும். கனமான கட்டிலின் சட்டத்தோடு எஃகு வடத்தால் கட்டவோ, உள்ளிருந்து போல்ட் போட்டுப் பொருத்தவோ அதில் வழி இருக்கவேண்டும். இல்லையென்றால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் நிதானமாகத் திறந்துபார்க்கப் பதினான்கு வயதுப் பையனுக்கு ஒரு பிற்பகல் போதும். நீளத் துப்பாக்கிக்கு, தீயைத் தாங்கும் பெட்டகத்துக்குப் பதிலாக மெல்லிய தகட்டாலான சாவி அலமாரிகள் அதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். அதைச் சுவரோடு, வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி உள்ளிருந்து போல்ட் அடித்து நிறுத்தவேண்டும். நிறுத்தாத அலமாரி பிள்ளைகள் மேலேயே சாய்ந்துவிடக்கூடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கனமான இரும்பு அலமாரி இருந்தால் அதுவும் ஆகும், ஒரு நிபந்தனையோடு: அதில் வேறெதுவும் இருக்கக்கூடாது. துணிமணிக்கும் காகிதங்களுக்கும் நாளுக்கு நான்குமுறை திறக்கப்படும் அலமாரியின் சாவி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட காட்சிப்பெட்டியையும், கீல் திருகாணிகள் வெளியே தெரியும் மரப்பெட்டியையும் கணக்கில் சேர்க்கவேண்டாம். பழைய பெட்டியை யாரிடமிருந்தாவது வாங்கினால் பூட்டை மாற்றிவிடுங்கள்.

விரல்ரேகையால் திறக்கும் மலிவுப் பெட்டிகள்மீது எனக்கு மதிப்பு குறைவு. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்துகொண்டன; 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணமும் அந்த அறிவிப்பில் சொல்லப்பட்டிருந்தது. மின்கலத்தில் இயங்கும் சில சிறு பெட்டிகளோ, ஓங்கித் தட்டினால் உள்ளேயுள்ள காந்தத் தாழ் துள்ளித் திறந்துகொள்ளும். எதை வாங்கினாலும் காலியாக வைத்துப் பூட்டி, குலுக்கி, தட்டி, பதிவு செய்யாத உங்கள் விரலை வைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். இயந்திர எண்பொத்தான் பூட்டோ சாதாரணச் சாவியோ அழகில் குறைந்தது, ஆனால் நம்பத்தக்கது.

தோட்டாக்களுக்கு எஃகுக் கருவிப்பெட்டி ஒன்றும் நல்ல தொங்குபூட்டு ஒன்றும் போதும். துப்பாக்கியின் சாவி இதற்குப் பொருந்தக்கூடாது. இரு பெட்டிகளும் ஒரே அறையில் இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. வெப்பமும் ஈரமும் இல்லாத இடமாகப் பாருங்கள். உள்ளே எத்தனை தோட்டாக்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். இழுப்பறையிலிருந்து ஒன்று குறைந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா?

பூட்டிய பெட்டிக்குள் துரு ஏறும் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும், அது உண்மைதான். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அதைக் கவனித்துக்கொள்ளும். தோலுறையும் துணியுறையும் ஈரத்தைப் பிடித்துவைப்பவை, அவற்றுக்குள் போட்டுப் பெட்டியில் வைக்கவேண்டாம்.

இவ்வளவும் வாங்கிமுடித்த பிறகு மிஞ்சுவது சாவி. செலவில்லாததும் அதுதான், மிகக் கடினமானதும் அதுதான். ஆணியில் தொங்கும் சாவி, பூச்சாடிக்குள் போட்ட சாவி, உள்ளாடை அடுக்குக்கு அடியில் வைத்த சாவி ஆகிய எல்லாமே முன்பு போர்வைக்குப் பின்னால் துப்பாக்கி இருந்ததைப் போன்றதுதான், பொருள் மட்டும் சிறிதாகிவிட்டது. சாவி உங்கள் கணவரின் உடம்போடு இருக்கட்டும். அல்லது எண்பூட்டுள்ள சிறு சாவிப்பெட்டிக்குள் இருக்கட்டும். மாற்றுச்சாவி வீட்டில் வேண்டாம். எண்ணாக உங்கள் திருமண நாளையோ பிள்ளைகளின் பிறந்த நாளையோ வைக்காதீர்கள். உங்கள் கைபேசியின் எண் உங்கள் மகனுக்குத் தெரியும் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும், இதுவும் அதே எண்ணாக இருக்கவேண்டாம்.

அந்த மகனைப் பற்றித்தான் நான் உங்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிறேன் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் முழுவதும் மகளைப் பற்றிய அச்சம் தெரிகிறது. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகளின் விஷயத்தில் தற்செயல் விபத்து மட்டும் ஆபத்தல்ல. தேர்விலோ நட்பிலோ அடிபட்டு வந்த ஒரு மாலையில், சில நிமிடங்களில் எழுந்து அடங்கிவிடக்கூடிய ஒரு வேகத்தின்போது கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மனம் மாறுவதற்கு அது அவகாசம் தராது. அவன் பொறுப்பானவன் என்பதும், அவனுக்குச் சுடத் தெரியும் என்பதும் அவனிடம் சாவியைக் கொடுக்கக் காரணமாகாது. வீட்டில் யாராவது, பெரியவர்கள் உட்பட, சில நாட்களாக ஒடுங்கிப்போயிருப்பதாகவோ வாழ்வில் பிடிப்பில்லாமல் பேசுவதாகவோ தெரிந்தால், பூட்டு போதும் என்று இருந்துவிடாமல், உரிம விதிகள் அனுமதிக்கும் வழியில் துப்பாக்கிகளை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுங்கள். உரிமம் பெற்ற வணிகரிடமோ சுடுகலைச் சங்கத்திலோ காவல் நிலையத்திலோ தற்காலிகமாக ஒப்படைக்க இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மருத்துவரின் உதவியையும் நாடுங்கள்.

மகளுக்கு எளிய மூன்று சொற்கள் போதும்: தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல். அவள் விளையாடப் போகும் வீடுகளிலும் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். நாய் கடிக்குமா என்று கேட்பதில்லையா?

இரவில் பாதுகாப்புக்காகவே பிஸ்டல் மெத்தைக்கு அடியில் இருக்கிறது என்று உங்கள் கணவர் வாதாடினால், கட்டிலின் சட்டத்தோடு கட்டிய எண்பொத்தான் பெட்டி பழகியவர் கையில் இருட்டிலும் சில நொடிகளில் திறக்கும் என்று சொல்லுங்கள். அதற்குமேல் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இரட்டைக்குழலைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்: அது சுடுவதற்காக இருக்கிறதா, அப்பாவின் நினைவுக்காக இருக்கிறதா? நினைவுக்காக என்றால், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் கேட்டு, தகுதிபெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரைக் கொண்டு அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வழியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் செய்துவிட்டால் அதற்குத் தோட்டாப் பெட்டியும் வேண்டாம், பிஸ்டலுக்கு ஒரு சிறு பெட்டியும் ஒரு கேபிள் பூட்டும், அதன் தோட்டாக்களுக்கு ஒரு பூட்டுப்பெட்டியும் மட்டும் வாங்கினால் போதும்.