மெல்ட் 17 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு 52 வயது. கல்லீரல் சுருங்கிவிட்டது. குடிப்பழக்கம் எதுவும் இல்லை. சர்க்கரையும் ஈரலில் படிந்த கொழுப்பும்தான் காரணம் என்றார்கள். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டு எடுக்கிறோம். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மாற்று ஈரலுக்குப் பதிந்து ஏழு மாதம் ஆகிறது. எங்களுக்குப் பிறகு பதிந்த ஒருவருக்குப் போன மாதம் கிடைத்துவிட்டது. கேட்டால், "அவருக்கு மெல்ட் 31, உங்க அக்காவுக்கு 17தான்" என்கிறார்கள். வரிசை என்றால் வரிசைதானே? இதில் பணம் விளையாடுகிறதா?

எஸ்., அல்சூர்

அன்புள்ள எஸ்.,

31 முன்னால் போவதற்குப் பணம் தேவையில்லை. அந்த எண்ணே போதும்.

மெல்ட் என்பது மூன்று ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்துப் போடும் கணக்கு. ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று சொல்லும் ஐ.என்.ஆர். 6 முதல் 40 வரை போகும்; எண் ஏற ஏற ஆபத்து அதிகம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேட்ரிக் கமாத் என்ற ஈரல் மருத்துவரும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அது மாற்று அறுவைக்காகப் போட்ட கணக்கே இல்லை. ஈரலுக்குள் குழாய் வைத்து ரத்தத்தைத் திருப்பிவிடும் ஒரு சிகிச்சை உண்டு. அதற்குப் பிறகு யார் பிழைப்பார்கள், யார் மூன்று மாதம் தாண்டமாட்டார்கள் என்று 231 நோயாளிகளை வைத்துப் பார்த்தது.

அதுவரை அங்கேயும் உங்கள் வரிசைதான் இருந்தது. எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதற்கும் மதிப்பு. விளைவு, பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி, நோய் முற்றும் முன்பே பதிந்து இடம் பிடித்தார்கள். வயிற்று நீர் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதையெல்லாம் மருத்துவர் கண்ணால் பார்த்து எழுதுவார். தன் நோயாளி என்றால் கை கொஞ்சம் தாராளமாகத்தானே எழுதும்? பரிசோதனைக் குழாய்க்கு யார் மாமா, யார் மச்சான் என்று தெரியாது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா இந்த எண்ணுக்கு மாறியது.

சரி, உங்கள் அக்காவின் கஷ்டம் இந்த எண்ணில் எங்கே இருக்கிறது? இல்லை. அதுதான் எனக்கும் உறுத்துவது. என் சித்தப்பாவுக்கும் வயிற்றில் நீர் கோக்கும் மகோதரம். சீரகத் தண்ணீர் நிறத்தில் ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய பெல்ட்டைப் போட்டு எந்த ஓட்டையில் நிற்கிறது என்று பார்ப்பார். அடுத்த வாரமே பெல்ட் கொடிக்குப் போய்விடும். அவர் எண் 20ஐத் தாண்டியதே இல்லை. யார் சீக்கிரம் சாவார்கள் என்பதைத்தான் மெல்ட் அளக்கிறது. யார் அதிகம் வதைபடுகிறார்கள் என்பது அதன் வேலை இல்லை.

பெண்களுக்கு இன்னொரு அநியாயமும் நடந்தது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அந்த அளவு அவ்வளவாக ஏறாது; எண்ணும் ஏறாது. காத்திருப்புப் பட்டியலிலேயே ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். பல வருடம் கழித்துத்தான் கணக்கைத் திருத்தினார்கள்: 2016இல் சோடியத்தைச் சேர்த்தார்கள், 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0இல் ரத்தப் புரதமான ஆல்புமினும், பெண் என்பதற்காகவே ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமும் சேர்ந்தன. வயிற்று நீர் உள்ளவர்களுக்குச் சோடியம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஆகவே உங்கள் அக்காவின் 17 எந்தக் கணக்கில் வந்த 17 என்பது சின்னக் கேள்வி இல்லை.

உறவில் ஒருவர் ஈரலில் ஒரு பகுதி கொடுத்தால் இந்த வரிசையே வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, சட்டப்படி உடன்பிறந்தவரும் கொடுக்கலாம். யார் கொடுப்பது என்று உங்கள் வீட்டில் பேச்சு வந்திருக்கும். அதில் நான் வாய் திறக்க மாட்டேன்.

அடுத்த முறை போகும்போது மூன்று கேளுங்கள். பழைய மெல்ட்டா, சோடியம் சேர்த்ததா, 3.0ஆ? ரத்த வகை, உடல் அளவு தவிர வேறு எதை வைத்து ஒதுக்குகிறார்கள்? அப்புறம், எண்ணைக் கடைசியாக எப்போது போட்டார்கள்? ஏழு மாதம் முன்பு எடுத்த ரத்தத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்றால், அன்றே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.