எஸ்கேஎஸ் வாங்கலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: கனடாவுக்கு வந்து ரெண்டு வருசம், துவக்கு லைசன்ஸ் போன மாதம் கைக்கு வந்திட்டுது, வேலையிடத்தில ஒருத்தர் தன்ர எஸ்கேஎஸ் எண்ட பழைய ரஷ்யத் துவக்கை மலிவாத் தாறன் எண்டுறார், நவம்பர் மான் வேட்டைக்கு முதல் வாங்கலாமோ, தடை வரும் எண்டு கதைக்கிறது உண்மையோ?

வாங்காதேங்கோ. அவர் மலிவா விக்கிறதுக்குக் காரணமே அந்தத் தடைக் கதையாத்தான் இருக்கும்.

நான் 2017இல மினி-14 எண்ட செமி-ஓட்டோ துவக்கு ஒண்டு வாங்கினனான் (விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானா ஏறும்). அப்ப அது கட்டுப்பாடு இல்லாத வகுப்பு. கடையில லைசன்ஸைக் காட்டிக் காசைக் கட்டி, கார் டிக்கியில போட்டுக்கொண்டு வந்திட்டன். மூண்டு வருசம் ஒன்ராறியோவில பாரி சவுண்ட் பக்கம் வேட்டைக்குக் கொண்டு திரிஞ்சன், ஒரு மான்கூட விழேல்ல, அது வேற கதை. 2020 ஏப்ரல் 18, 19இல நோவா ஸ்கோஷியாவில ஒருத்தன் 22 பேரைக் கொலை செய்தான். மே 1ஆம் தேதி அப்ப பிரதமரா இருந்த ட்ரூடோ தடையை அறிவிச்சார். நாடாளுமன்றத்தில வாக்கெடுப்பு இல்லை, அமைச்சரவை உத்தரவு. ஏறத்தாழ 1,500 மொடல், என்ர மினி-14உம் அதுக்க, அண்டைக்கே அமுல். காலமை வேட்டைத் துவக்கு, மத்தியானம் தடைசெய்த ஆயுதம்.

அதுக்குப் பிறகு அதைச் சுடேலாது, விக்கேலாது, சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கும் கொண்டுபோகேலாது. வாழ்வாதாரத்துக்கு வேட்டையாடுற ஆக்களுக்கும், உடன்படிக்கை உரிமையுள்ள பூர்வகுடி ஆக்களுக்கும் விலக்குக் குடுத்தவை. ஸ்காபரோக்காரனுக்கு என்னத்துக்கு விலக்கு? பெட்டிக்குள்ள பூட்டி வைச்சால் வழக்கில்லை எண்டு பொதுமன்னிப்பு. அதின்ர கெடு முதல் 2022 ஏப்ரல், பிறகு 2023 ஒக்டோபர், பிறகு 2025 ஒக்டோபர், பிறகு 2026 ஒக்டோபர் 30. நட்டஈட்டுத் திட்டத்தில சேருறது எங்கட விருப்பம், ஆனால் கெடு முடிய முதல் துவக்கைக் கைவிடுறது கட்டாயம். நீண்ட துவக்குகளின்ர பதிவேட்டை 2012இலயே மத்திய அரசு இல்லாமல் செய்தது, அதால பேசாமல் வைச்சிருக்கலாம் எண்டு சிலர் புத்தி சொல்லுவினம். கேளாதேங்கோ. உங்களிட்ட இருக்கிறது பிஆர் (நிரந்தர வதிவிடம்) மட்டும், குடியுரிமை இல்லை. துவக்குக் குற்றத்தில தீர்ப்பு வந்தால் அது நாடுகடத்தல் வரைக்கும் இழுக்கும்.

இனி எஸ்கேஎஸ். ரஷ்யாக்காரர் இரண்டாம் உலகப்போர் முடியிற நேரம் வடிவமைச்ச செமி-ஓட்டோ. பத்துத் தோட்டா பிடிக்கிற பெட்டியை இஞ்ச ஆணி வைச்சு அஞ்சாக்கித்தான் விக்கினம். மலிவு, உடையாது, அதால கனடாவின்ர வடக்கில பூர்வகுடி வேட்டைக்காரர் நிறையப் பேரிட்ட இருக்கு. 2022 நவம்பரில சி-21 சட்டமூலத்துக்க ஒரு திருத்தத்தைச் செருகி இதையும் தடைசெய்யப் பாத்தவை. அந்த மக்களின்ர எதிர்ப்பில 2023 பெப்ரவரியில திருத்தத்தை மீளப்பெற்றவை. சட்டம் அந்த டிசம்பரில நிறைவேறினது. அதில உள்ள புது வரைவிலக்கணம் இனி வடிவமைக்கப்போற துவக்குகளுக்குத்தான். ஆனால் 2024 டிசம்பரில இன்னும் 324 மொடல், 2025 மார்ச்சில 179, திரும்பவும் உத்தரவாலதான். எஸ்கேஎஸ் ரெண்டு தரமும் தப்பிட்டுது. மூண்டாந்தரமும் தப்புமெண்டு உங்கட காசைக் கட்டுவியளோ?

எனக்குக் கோவம் இருக்கு. நோவா ஸ்கோஷியாக்காரனிட்ட லைசன்ஸே இருக்கேல்ல, துவக்குகளில பெரும்பாலானது அமெரிக்காவில இருந்து கடத்தினது. வகுப்புக்குப் போய், சோதினை எழுதி, மனிசியின்ர கையெழுத்தும் வாங்கின நான்தான் ஆறு வருசமா அந்தப் பெட்டிக்குக் காவல் நிக்கிறன். ஆனாலும் ஒண்டு சொல்லவேணும். 1989 டிசம்பர் 6இல மொன்றியல் பொலிரெக்னிக்கில 14 பெண்களைக் கொண்டுபோட்டானே, அவன் வைச்சிருந்தது மினி-14. வாங்கேக்க எனக்கு அது தெரியாது. தெரிஞ்ச பிறகு வந்த முதல் டிசம்பரில, ரிவியில அந்தப் பிள்ளையளின்ர பேரை வாசிக்கேக்க மகள் பக்கத்தில இருந்தவள். கீழ பேஸ்மென்ற்றில என்ன இருக்கு எண்டு அவளுக்கும் தெரியும். ஒண்டும் கேக்கேல்ல. அதுக்குப் பிறகு துவக்குக்காரரின்ர ஊர்வலத்துக்கு வா எண்டு கூப்பிட்டாலும் நான் போறேல்ல.

உங்களுக்குத் தேவை ஒரு போல்ட் அக்ஷன், ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துத் தோட்டா ஏத்துற துவக்கு. இந்தத் தடைகளில சாதாரண வேட்டை போல்ட் அக்ஷனைத் தொட்டதில்லை. வன்னியில எங்கட அப்பப்பா இடியன் துவக்கோட (குழாய்வாயால மருந்து இடிச்சு நிரப்புறது) போறவர். ஒரு வெடிதான், தவறினால் மரை காட்டுக்குள்ள. அவர் ஒருநாளும் வெறுங்கையோட வந்ததெண்டு அப்பம்மா சொன்னதில்லை (அவ சொல்லமாட்டா எண்டது வேற). தனியாளிட்ட வாங்கினாலும் விக்கிறவர் உங்கட லைசன்ஸ் இலக்கத்தைக் குடுத்து ஆர்சிஎம்பியிட்ட (மத்திய பொலிஸ்) இருந்து ஒரு குறிப்பு இலக்கம் எடுக்கவேணும், 2022 மேயில இருந்து அப்பிடி. "அதெல்லாம் தேவையில்லை" எண்டு ஆரும் சொன்னால் திரும்பி நடவுங்கோ.

கடைக்குப் போக முதல் ஒருநாள் என்னோட ரேஞ்சுக்கு வாங்கோ. என்னட்ட ஒரு பழைய 308 போல்ட் அக்ஷன் இருக்கு. பத்துத் தோட்டா சுட்டுப்பாருங்கோ. தோள் நோகும், ஒரு ஜக்கற் போட்டுக்கொண்டு வாங்கோ.