‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்பதா, ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்பதா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் அருகே ஒரு சிறு நகரின் பொது நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நாங்கள் இந்துக்கள், சொந்த ஊர் நாகர்கோவில். டிசம்பரில் வருகிறவர்களிடம் ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்று சொல்லும்படி மேலாளர் கூறியிருக்கிறார். சென்ற ஆண்டு அப்படிச் சொன்னபோது வயதான ஒருவர், “இந்த நாட்டில் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்றுதான் சொல்வோம்” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். மறுநாள், பயந்துபோய், ஒரு பெண்மணியிடம் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்றேன். அவர் சிரித்தபடியே, “நாங்கள் யூதர்கள்” என்றார். அப்போது எங்களுடன் தங்கியிருந்த அம்மாவோ, “ஊரில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத வாழ்த்தா? இதற்குப் போய் இத்தனை யோசனையா?” என்றார். இந்த ஆண்டு நுழைவாயில் அறிவிப்புப் பலகையின் வாசகத்தை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “நீங்கள் இரண்டு பக்கமும் இல்லாதவர்” என்பது மேலாளர் சொல்லும் காரணம். நான் எதைச் சொல்வது, எதை எழுதுவது?
— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதை நடுவில் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும் விஷயத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் பக்கத்து வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும்போது, அது யார் வீடு, அவர்கள் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், மூத்த மகன் இந்த ஆண்டு வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறானா இல்லையா என்பது வரை அம்மாவுக்குத் தெரியும். அங்கிருந்து அச்சு முறுக்கும் கேக்கும் வைத்த தட்டு வரும். தீபாவளிக்கு இங்கிருந்து போன தட்டு அப்படித் திரும்பி வருகிறது. நம் ஊரில் வாழ்த்து என்பது பண்டிகை யாருடையதோ அவரைத் தேடிப் போகிற ஒன்று. அமெரிக்காவில் டிசம்பர் வாழ்த்து அப்படிப்பட்டதல்ல. அது எதிரே வருகிற எல்லார் மீதும், அவர் யார் எவர் என்று பாராமல், ஒரு மாத காலம் தூவப்படுகிறது. கடையில், வங்கியில், தொலைபேசியின் மறுமுனையில், உங்கள் கவுண்டரில். ஆகவே அம்மா சொல்வது நாகர்கோவிலுக்கு முற்றிலும் சரி. உங்கள் கவுண்டருக்கு அது அப்படியே பொருந்தாது, ஏனென்றால் எதிரே நிற்பவரின் பெயரும் அவர் திருப்பித் தர வேண்டிய புத்தகமும் உங்கள் திரையில் தெரியுமே தவிர, அவர் எதைக் கும்பிடுகிறார் என்பது தெரியாது.

இனி அந்தப் பெரியவர். “இந்த நாட்டில் இப்படித்தான் சொல்வோம்” என்று அவர் சொன்னதில் நினைவு கொஞ்சமும் மறதி நிறையவும் கலந்திருக்கின்றன. அமெரிக்க மண்ணில் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது என்று முதலில் தடை போட்டவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் அல்லர். மிகத் தீவிரமான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள்தாம். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659ல் அவர்கள் போட்ட சட்டப்படி, அந்த நாளில் வேலையை நிறுத்தியோ விருந்து வைத்தோ கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். 1681ல்தான் அது நீக்கப்பட்டது. விவிலியத்தில் சொல்லப்படாத பண்டிகை என்பதும், குடியும் கும்மாளமுமாக அது கழிந்தது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். யுலிசஸ் கிராண்ட் அதிபராக இருந்தபோது, 1870ல்தான் கிறிஸ்துமஸ் கூட்டாட்சி அரசின் விடுமுறை நாளாயிற்று. மறுபக்கம், ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ நேற்று முளைத்த சொல்லும் அல்ல, மதத்தைத் துடைத்தெறிந்த சொல்லும் அல்ல; ‘ஹாலிடே’ என்பதே பழைய ஆங்கிலத்தில் ‘புனித நாள்’ என்ற சேர்க்கையிலிருந்து வந்ததுதான். 1953ல் அதிபர் ஐசனோவர் வெள்ளை மாளிகையிலிருந்து அனுப்பிய அட்டையில் இருந்தது ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ என்ற பருவ வாழ்த்துதான். அவரை யாரும் கிறிஸ்தவ விரோதி என்று சொன்னதில்லை.

பிறகு எப்போது இது சண்டையானது? குறிப்பாக 2005ஐச் சொல்ல வேண்டும். ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் பில் ஓ’ரைலி போன்றவர்கள், கிறிஸ்துமஸின் மீது போர் நடக்கிறது என்று இரவுதோறும் பேசினார்கள். விளம்பரங்களில் ‘கிறிஸ்துமஸ்’ என்ற சொல்லைத் தவிர்க்கின்றன என்று பெரிய கடைகளைப் புறக்கணிக்கும்படி அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் முதலான அமைப்புகள் அழைப்பு விடுத்தன. மறு ஆண்டே வால்மார்ட் ‘மெர்ரி கிறிஸ்துமஸு’க்குத் திரும்பியது. வேடிக்கை என்னவென்றால், அதே 2005ல் ஜார்ஜ் புஷ், அதாவது தம் கிறிஸ்தவப் பற்றை ஒருநாளும் ஒளிக்காத மனிதர், அனுப்பிய வெள்ளை மாளிகை அட்டையிலும் ‘ஹாலிடே’ என்றுதான் இருந்தது. விவிலியத்தின் சங்கீத வசனம் ஒன்றும் உடன் இருந்தது. அப்படியும் அவருக்குச் சொந்தக் கட்சிக்காரர்களிடமிருந்தே வசவு வந்தது. பின்னர் டொனால்ட் டிரம்ப், மக்கள் மறுபடியும் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ சொல்லப்போகிறார்கள் என்பதையே தேர்தல் மேடையில் வாக்குறுதியாக வைத்தார். இப்படியாக இரண்டு வாழ்த்துகளும் கட்சிக் கரை வேட்டியைப் போல ஆகிவிட்டன. அந்தப் பெரியவர் உங்களைக் கடிந்துகொள்ளவில்லை, சகோதரி. உங்கள் தோளில் இல்லாத ஒரு துண்டைப் பார்த்து அவர் கோபித்துக்கொண்டார். அவர் பேசியது மரியாதைக் குறைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை உங்கள் நிறத்தின் மீதோ மதத்தின் மீதோ எறியப்பட்ட கல்லாக எடுத்துக்கொள்வதற்கு முன், அதே சொல்லை ஒரு வெள்ளைக்கார ஊழியர் சொல்லியிருந்தாலும் அவர் அப்படியேதான் முறைத்திருப்பாரோ என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். முறைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூதப் பெண்மணியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு எத்தனையாவது ‘மெர்ரி கிறிஸ்துமஸு’க்கானது என்று எண்ணிப் பார்த்தால் அவருடைய பொறுமை புரியும். நம் வீட்டுக் குழந்தை ஒரு மாதம் முழுவதும் போகிற இடமெல்லாம் தன்னுடையதல்லாத பண்டிகைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காக, யூதர் என்று தெரிந்தவுடன் ‘ஹேப்பி ஹனுக்கா’ என்று அவசரப்பட்டுவிடவும் கூடாது. ஹனுக்கா 8 இரவுகள் கொண்டது, யூத நாட்காட்டியின்படி நாள் மாறுவது. 2024ல் அது டிசம்பர் 25 மாலைதான் தொடங்கியது. 2025லோ டிசம்பர் 14 மாலை தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது. முடிந்துபோன பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது, தை பிறந்த பிறகு தீபாவளி வாழ்த்துச் சொல்வதைப் போன்றது. மேலும் யூத மரபில் ஹனுக்கா சிறிய பண்டிகைகளில் ஒன்றுதான். டிசம்பரில் வருவதாலேயே அமெரிக்காவில் அதற்கு இத்தனை பெரிய இடம் கிடைத்திருக்கிறது.

உங்கள் கவுண்டருக்கு வரிசையில் வருகிறவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் பொருட்படுத்துகிறார்கள் என்று கேட்டால், நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவு. பியூ ஆய்வு மையம் 2017ல் கடைகளில் சொல்லப்படும் வாழ்த்தைப் பற்றிக் கேட்டபோது, எப்படிச் சொன்னாலும் கவலையில்லை என்றவர்கள் 52 சதவீதம். ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ வேண்டும் என்றவர்கள் 32. பொதுவான வாழ்த்தே நல்லது என்றவர்கள் 15. சத்தம் போடுகிறவர்கள்தாம் நினைவில் நிற்கிறார்கள். அதே மையம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுத்த கணக்கில், அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளி இந்துக்களில் 73 சதவீதத்தினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு பிளாஸ்டிக் மரம் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நிற்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே கவுண்டரில் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றி என் கருத்து இது. நீங்களாக முதலில் சொல்லும்போது மேலாளர் சொன்ன ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ போதும். அங்கே நீங்கள் நகராட்சியின் குரல்; வரி கட்டுகிற எல்லாருக்கும் பொதுவான மேசையில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு நிர்வாகத்துடையது. ஆனால் எதிரே நிற்பவர் தாமே ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று தொடங்கினால், அதே சொல்லை முழு மனத்துடன் திருப்பிச் சொல்லுங்கள். அவருடைய பண்டிகை நன்றாக அமையட்டும் என்று சொல்வதால் உங்கள் மதத்துக்கு ஒரு குறையும் வராது, அவர் சொன்ன வாழ்த்தை ‘ஹாலிடேஸ்’ என்று மாற்றித் திருத்துவதோ பெரியவர் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் இன்னொருவருக்குச் செய்வதாகும். இன்னாருக்கு இன்ன பண்டிகை என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம், உதாரணமாகத் தேவாலய இசைக்குழுவுக்காக இசைப் புத்தகம் எடுத்துப் போகிறவரிடம், நாகர்கோவில் வழக்கப்படியே பேர் சொல்லி வாழ்த்துங்கள். டிசம்பர் 25ஐக் கொண்டாடாத கிறிஸ்தவர்களும் உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். யெகோவாவின் சாட்சிகள் அந்த நாளை அனுசரிப்பதே இல்லை, எகிப்தின் காப்டிக் சபையாருக்கு ஜனவரி 7தான் கிறிஸ்துமஸ். டெக்சாஸில் 2013ல் ரிக் பெர்ரி ஆளுநராக இருந்தபோது வந்த ‘மெர்ரி கிறிஸ்துமஸ் சட்டம்’ பற்றி யாராவது உங்களிடம் பேசினால், அது அரசுப் பள்ளிகளுக்கானது என்று சொல்லலாம். ஆசிரியரும் மாணவரும் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’, ‘ஹேப்பி ஹனுக்கா’, ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என எதையும் சொல்லலாம் என்கிற அந்தச் சட்டம் எதையும் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ எனக்குப் பிடித்த வாழ்த்து அல்ல. விநாயகர் சதுர்த்தியன்று ‘விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று அறிவிக்கும் நம் ஊர்த் தொலைக்காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். எந்தத் தொலைக்காட்சி என்று நான் சொல்லத் தேவையில்லை. கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும் வீட்டில் அதைக் கேட்கும்போது எழுகிற அந்தச் சின்னச் சிரிப்பைத்தான் பெரியவர் கோபமாக வைத்திருக்கிறார். பெயரிருக்கிற ஒன்றைப் பெயர் சொல்லாமல் சுற்றி வளைப்பது யாருக்கும் உறுத்தத்தான் செய்யும். அதனால்தான் கவுண்டருக்குச் சொன்ன யோசனையைப் பலகைக்குச் சொல்ல மாட்டேன்.

பலகை நிதானமாக எழுதப்படுவது. அங்கே பெயர் சொல்வதற்கு இடம் இருக்கிறது. 2005ல் பாஸ்டன் நகராட்சி தன் இணையதளத்தில் ‘ஹாலிடே மரம்’ என்று எழுதியதால் பட்ட பாடு நல்ல பாடம். 1917ல் ஹாலிஃபாக்ஸ் துறைமுக வெடிவிபத்தின்போது பாஸ்டன் செய்த உதவிக்கு நன்றியாக, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் ஆண்டுதோறும் அனுப்புகிற மரம் அது. பெயரை மாற்றியது தெரிந்ததும், மரத்தைக் கொடுத்தவர், முன்பே தெரிந்திருந்தால் அதைத் துண்டு போடும் இயந்திரத்தில் தள்ளியிருப்பேன் என்றார். மேயர் தாமஸ் மெனினோவோ, எனக்கு அது கிறிஸ்துமஸ் மரம்தான் என்று கையைக் கழுவிக்கொண்டார். எந்த யூதரும் எந்த இந்துவும் அந்த மரத்தின் பெயரை மாற்றச் சொன்னதாக அந்தக் கதையில் இல்லை. பெயரை மறைத்ததால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அதே சமயம், அரசு வாசலில் ஒரு மதத்தை மட்டும் தூக்கி நிறுத்துவதும் தொல்லையில் முடியும். 1989ல் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் தனியாக வைக்கப்பட்டிருந்த இயேசு பிறப்புக் குடில் கூடாது என்றது. சற்றுத் தள்ளி இன்னோர் அரசுக் கட்டடத்தின் முன் 45 அடி கிறிஸ்துமஸ் மரத்தோடு நின்ற 18 அடி யூத விளக்குத்தண்டு இருக்கலாம் என்றது. நீதிமன்றத்தின் அளவுகோல்கள் அதன் பிறகு மாறியிருக்கின்றன என்றாலும், தனியாக நிற்பதற்கும் சேர்ந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இன்றும் வழிகாட்டக்கூடியது. எனவே பலகையில் வாழ்த்தைவிடத் தகவலை முன்னால் வையுங்கள். “டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், நூலகம் இயங்காது” என்று தயங்காமல் எழுதுங்கள். கூட்டாட்சிச் சட்டத்திலேயே அந்த விடுமுறைக்கு அதுதான் பெயர். அதன் கீழே, “கிறிஸ்துமஸ், ஹனுக்கா, குவான்சா பற்றிய நூல்கள் இடப்பக்க அலமாரியில்” என்று ஒரு வரி (குவான்சா என்பது ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் டிசம்பர் கடைசியில் கொண்டாடும் விழா). கடைசியில் எல்லாருக்கும் ஒரு நல்வாழ்த்து. நூலகத்துக்கு இதைவிட இயல்பான வாழ்த்து வேறு கிடையாது. அந்த வரிசையில் ஆசைப்பட்டுத் தீபாவளியையும் நுழைத்துவிடாதீர்கள். அது ஐப்பசியில் வருகிற பண்டிகை. அதற்கு அக்டோபரிலேயே ஓர் அலமாரி கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

மேலாளர் சொன்ன காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘இரண்டு பக்கமும் இல்லாதவர்’ என்று பாராட்டுவதுபோல் சொல்லி, நாளை யாராவது முறையிட்டால் உங்கள் பெயரைக் காட்டுவதற்கு அது வசதியாக இருக்கும். வாசகத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, அவர் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகு பலகையில் ஏற்றுங்கள்.

அந்தப் பெரியவர் இந்த ஆண்டும் வருவார். அவரைப் பார்த்தவுடன் நீங்களே முந்திக்கொண்டு, பெயர் சொல்லி, ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று சொல்லிவிடுங்கள். அவருடைய பண்டிகை எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும் அல்லவா? பிறகு அவர் புத்தகத்தைத் திருப்பித் தர ஜனவரியில் வரும்போது ‘ஹேப்பி நியூ இயர்’ சொல்ல எந்த யோசனையும் வேண்டாம். புத்தாண்டு சித்திரையிலா தையிலா என்று 2008லும் 2011லும் சட்டம் போட்டுச் சட்டம் நீக்கிய ஊரிலிருந்து போனவர் நீங்கள் என்பது அவருக்குத் தெரியாது.