பழைய ஃபைபர் படகு: மெருகு கடைசியில், மரம் முதலில்

ஃபைபர் மோட்டார் படகை வீட்டிலேயே பழுதுபார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, படகுப் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: உறவினர் ஒருவர் தன் 18 அடி ஃபைபர் மோட்டார் படகை இலவசமாகத் தருகிறார். பல ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்த படகு. நிறம் மங்கியிருப்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. மெருகு போட்டு, இன்ஜினைச் சரிபார்த்துத் தண்ணீரில் விட்டுவிடலாமா?

பதில்: மெருகு டப்பாவை மூடி வையுங்கள். நிறம் மங்குவது படகுக்கு வரும் நோய்களில் மிக அற்பமானது. மேலே தெரியும் நிறப்பூச்சான ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வெயிலில் அதன் முகம் வெளுத்துத் தூள் பூக்கும்; தேய்த்தால் போய்விடும். அதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

கண்ணாடி நாரும் பிசினும் எளிதில் கெடுவதில்லை. கெடுவது அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் மரம். பழைய படகுகள் பெரும்பாலானவற்றில் இன்ஜினைத் தாங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்து ஒட்டிய பிளைவுட். தரைக்குக் கீழே நெடுக ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் ஃபைபர் போர்த்திய மரக்கட்டைகள். தரையும் பிளைவுட்தான். முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் ஏணி மாட்டுவதற்காக நான்கு திருகாணிகளை முடுக்கியிருப்பார். ஓட்டைக்குள் அடைப்புப் பசை வைத்திருக்க மாட்டார். அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரம் உள்ளேயே இற்றுப்போகும், வெளித்தோல் அப்படியே நிற்கும். எல்லாவற்றையும்விட, படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையைப் பாருங்கள். அது பின்பலகையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதற்குள் இருக்கும் குழாய் தளர்ந்திருந்தால் பலகையின் கீழ்விளிம்பு தப்பியிருக்காது.

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகையை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். கெட்ட இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். அடுத்து, இன்ஜின் மாட்டியிருந்தால் அதன் கீழ்ப்பகுதியில் உங்கள் எடையைப் போட்டு மேலும் கீழும் அழுத்துங்கள். பலகையின் மேல்விளிம்பை இன்னொருவர் கவனிக்கட்டும். அசைவு தெரிந்தால் பலகை இற்றுவிட்டது, பேச்சே இல்லை.

சந்தேகம் தீரவில்லையா, உட்புறத்திலிருந்து கீழ்ப்பகுதியில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெளித்தோலைத் தொடாதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் வெள்ளைத் தூள் வரும், அது ஃபைபர். அதன் பிறகு வருவதை உள்ளங்கையில் ஏந்துங்கள். வெளிர்நிறத்தில், உலர்ந்து, சுருள் சுருளாக வந்தால் நிம்மதி. கருத்து, ஈரமாக, விரலால் நசுக்கினால் ஒட்டிக்கொண்டு, சேற்று வாடை அடித்தால் அந்த மரம் போய்விட்டது. சில படகுகளில் பிட்டை உருவியதும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழியும். ஸ்ட்ரிங்கர்களிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். நல்ல படகில் ஓட்டை போடுவதா என்று தயங்க வேண்டாம். எபாக்சி பிசின் வைத்து அடைத்துவிடலாம். இதைச் செய்ய உறவினர் சம்மதிக்கவில்லை என்றால், அவருக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

கேள்வி: என் படகின் பின்பலகை இற்றுவிட்டது, உறுதி செய்துவிட்டேன். வெளியே வெட்டுவதா, உள்ளே வெட்டுவதா? எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

பதில்: உள்ளேயிருந்து. வெளித்தோலை அப்படியே விட்டுவிட்டால் படகின் வடிவமும் அழகும் தப்பும். மேல்தளம் குறுக்கே நின்று உள்ளே கை நுழையாத படகுகளில் மட்டும் வெளியிலிருந்து வெட்டலாம்.

வெட்டுவதற்கு முன் அளவு எடுங்கள். பின்பலகையின் நடுக்கோடு, இன்ஜின் உட்காரும் விளிம்பிலிருந்து அடிவரை உயரம், பலகை சாய்ந்திருக்கும் கோணம் மூன்றையும் எழுதி வையுங்கள். வெளியே பொருத்தும் இன்ஜின்களின் தண்டு 15, 20, 25 அங்குலம் என்ற அளவுகளில் வருகிறது. பலகையின் உயரம் மாறிப்போனால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும், அல்லது இன்ஜின் தேவைக்கு மேல் மூழ்கி ஓடும்.

அடுத்தது தாங்கல். உட்புற மரம் போய்விட்டால் ஃபைபர் ஓடு தளர்ந்து, உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஏற்ப வளையும். வளைந்த நிலையில் புதிய மரத்தை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும்; அப்படிப்பட்ட படகை ஓட்டும்போது நேராகப் போகாது. ஆகவே பல இடங்களில் அண்டை கொடுத்து, நீளவாக்கில் நூல் பிடித்துப் பாருங்கள். ஸ்ட்ரிங்கர்களும் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரேநாளில் பிடுங்காதீர்கள். ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, இறுகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

பிறகு உட்தோலை ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி எடுத்து, மரத்தை உளியால் சுரண்டுங்கள். இற்ற இடம் கையோடு வரும். நன்றாக இருக்கும் இடம்தான் உயிரை எடுக்கும். வெளித்தோலின் உட்பக்கத்தை 40 அல்லது 60 எண் உப்புத்தாளால் நன்றாக உரசி, அசிட்டோனால் துடையுங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்குப் பலகை ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்க வேண்டும் என்பதால், முக்கால் அங்குல மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சியால் ஒன்றாக ஒட்டுவதுதான் வழக்கம். ஆனால் உங்கள் பழைய பலகையின் கனத்தை அளந்து அதையே பின்பற்றுங்கள். பிளைவுட்டின் வெட்டுமுனைகள் தண்ணீரை உறிஞ்சுவதில் பேராசைக்காரர்கள். எபாக்சி பூசி, அது உள்ளே இறங்கியதும் மறுபடியும் பூசுங்கள்.

பலகையை ஒட்டும்போது எபாக்சியில் சிலிக்கா தூள் கலந்து தேனைவிடக் கெட்டியாக்கி, பல்லுள்ள கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துவிடுங்கள். கிளாம்ப் முடுக்கும்போது நாலா பக்கமும் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. காற்று இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் ஒருநாள் வந்து சேரும். பலகை சேரும் மூலைகளை அதே பசையால் வளைவாக நிரப்புங்கள், ஏனென்றால் கண்ணாடி நார்த்துணி கூர்மையான மூலையில் படியாமல் தூக்கிக்கொள்ளும். அதன்மேல் வரும் துணியடுக்குகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று அகலமாகப் படகின் பக்கவாட்டிலும் அடியிலும் ஏறிப் பிடிக்கட்டும்.

எல்லாம் முடிந்து இன்ஜின் போல்ட்டுக்குத் துளை போடும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். தேவையைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டி எபாக்சியால் முழுக்க அடைத்து, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் துளை போடுங்கள். நாளைக்கு அடைப்புப் பசை தோற்றாலும் தண்ணீருக்கு மரம் கிடைக்காது.

கேள்வி: நண்பர் பாலியெஸ்டர் ரெசின், அதாவது பாலியெஸ்டர் பிசின், போதும் என்கிறார், கடைக்காரர் எபாக்சி வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் படகு பாலியெஸ்டரில் செய்யப்பட்டதாகவே இருக்கும். ஆனாலும் பழுதுபார்க்கும் வேலையில், குறிப்பாக மரத்தை ஒட்டும் இடத்தில், கடைக்காரர் பக்கம்தான் நான். என்றோ இறுகிப்போன பழைய பாலியெஸ்டரோடு புதிய பாலியெஸ்டர் வேதியியல் முறையில் கலந்துவிடாது. உரசி உண்டாக்கிய கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எபாக்சியின் பிடிப்பு அதைவிட வலுவானது, மரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எபாக்சி வாங்கினால் மூன்று விஷயங்கள். நறுக்கிய நார்களை ஒட்டிச் செய்த ‘மேட்’ என்ற விரிப்பைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுங்கள். அதன் நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் வழக்கமாகப் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த அல்லது தைத்த துணி வாங்குங்கள். இரண்டாவது, இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் பூக்கும். உரசுவதற்கு முன் வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் உரசினால் அதைக் கீறல்களுக்குள் திணிக்கிறீர்கள். மூன்றாவது, எபாக்சியின் மேல் சாதாரண ஜெல்கோட் நம்பிக்கையாக ஒட்டாது. வெயிலும் எபாக்சிக்கு ஆகாது. ஆகவே மேலே பிரைமரும் பெயின்ட்டும்.

கேள்வி: குவளையில் கலந்து வைத்த ரெசின் திடீரெனப் புகைந்து, குவளையே உருகிவிட்டது. பொருள் போலியா?

பதில்: பொருள் நல்ல பொருள். ரெசின் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். ஒரே குவியலாக இருந்தால் அந்த வெப்பம் போக வழியின்றித் தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். பாலியெஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். எபாக்சியை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள். விகிதம் தவறினால் அது முழுதாக இறுகவே இறுகாது. பாலியெஸ்டர் கேட்டலிஸ்டான எம்.இ.கே.பி. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சலரேட்டரைத் தனியாகச் சேர்க்கும் வகை ரெசின் என்றால், அதையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது.

கேள்வி: வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்தான் உரசி, துணி ஒட்டுகிறேன். வாசனை உள்ளே வருகிறது என்று வீட்டில் தினமும் சண்டை. உடம்பெல்லாம் அரிப்பு வேறு.

பதில்: சண்டையில் வீட்டார் பக்கம் நியாயம் இருக்கிறது, அம்மா. அந்த வாசனை ஸ்டைரீன் ஆவி. காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், தீயும் பிடிக்கும். வீட்டோடு கதவு பகிரும் இடத்தில் பாலியெஸ்டர் வேலை வேண்டாம். திறந்தவெளிக்குப் படகை இழுத்துவிடுங்கள். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் முகமூடி வாங்குங்கள். அரிப்புக்குக் காரணம் நுண்ணிய கண்ணாடித் துகள்கள். முதலில் குளிர்ந்த நீரில் தேய்க்காமல் அலசுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

கேள்வி: படகின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஓட்டை விழுந்து மூழ்கிவிடுமா?

பதில்: கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை. பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. மிக மெல்ல ஊடுருவும் தண்ணீர், பிசினில் இறுகாமல் மிஞ்சிய பொருள்களைக் கரைத்துக்கொள்ளும். அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் தண்ணீரை இழுக்க, அழுத்தம் ஏறி மேல்தோல் உப்புகிறது. ஊசியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளேயிருந்து பிசுபிசுப்பான திரவம் பீச்சியடிக்கும். பெரும்பாலும் வினிகர் நெடி இருக்கும்.

ஒவ்வொன்றையும் நல்ல நார் தெரியும்வரை சரிவாகத் திறந்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவிடுங்கள். காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஓரம் முழுவதும் டேப் போட்டு அடியில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த பிறகு கெட்டி எபாக்சியால் நிரப்பி, அதன்மேல் எபாக்சி தடுப்புப் பூச்சு.

கேள்வி: தரைக்குக் கீழே இருந்த ஃபோம் ஊறிக் கனத்துக் கிடந்தது, எடுத்துவிட்டேன். திரும்ப நிரப்பாமல் விடலாமா? எடையாவது குறையும்.

பதில்: கூடாது. படகில் தண்ணீர் ஏறினாலும் அதை மிதக்கவைக்கத்தான் அந்த ஃபோம். 1961இல் அமெரிக்கப் படகு நிறுவனமான பாஸ்டன் வேலரின் டிக் ஃபிஷர் தன் படகில் உட்கார்ந்திருக்க, அது நடுவில் ரம்பத்தால் அறுக்கப்பட்டது. ‘லைஃப்’ பத்திரிகையில் படங்கள் வந்தன. பாதிப் படகு மிதந்தது, உள்ளே இருந்த ஃபோமினால். மிதவைக்கான, நுண்ணறைகள் மூடிய ஃபோமையே, எடுத்த அளவுக்குக் குறையாமல் நிரப்புங்கள். அடியில் தண்ணீர் ஓடி வடிய மட்டும் வழி விடுங்கள்; பழைய ஃபோம் ஊறியதே அந்த வழி அடைபட்டதால்தான்.

கேள்வி: என் படகில் இன்ஜின் உள்ளே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது. கார் ஆல்டர்னேட்டர் அப்படியே பொருந்துகிறதே?

பதில்: பொருந்தும். வெடிக்கவும் செய்யும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கும். படகுக்கான பாகங்கள் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை, கார் பாகங்கள் அப்படியல்ல. ஸ்டார்ட்டருக்கும் இதுவே. இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் காற்று வெளியேற்றும் மின்விசிறியை 4 நிமிடமாவது ஓடவிடுங்கள்.

கேள்வி: அடர்நீலப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். வெயிலில் சூடேறி அடியில் உள்ள நெசவுத் தடம் மேலே எழும். பட்டி பார்த்த இடமெல்லாம் தெரியும். வெள்ளை பல பாவங்களை மறைக்கும்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது. முதல்முறை தண்ணீரில் இறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வடிகால் துளையின் மூடியைப் போட்டீர்களா என்பதை. சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளே மறக்கிறார்கள். பிறகு படகை டிரெய்லரிலிருந்து அவிழ்க்காமலேயே மிதக்கும் அளவுக்கு இறக்கி நிறுத்துங்கள். டார்ச் அடித்துப் பின்பலகையின் உட்பக்கம், வடிகால் குழாய், நீங்கள் புதிதாகப் போட்ட ஒவ்வொரு போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் உலர்ந்திருந்தால் இன்ஜினைக் கிளப்புங்கள். குளிர்விக்கும் தண்ணீர் இன்ஜினின் பக்கத்துத் துளையில் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரை மாற்றும் வேலை பாக்கியிருக்கிறது.